பத்தியமும் அச்சமும்

“பத்தியம் தவறினான், படுகின்றான்” என்பது நோயுற்றாரைக் குறித்து நம்மவர் எளிதிற் கூறிவிடும் தீர்ப்பு. கூறுவோர் நலமுடையோர், கூறப்படுவோன் கட்டிலிற் கிடப்போன். ஆதலின் அத்தீர்ப்பிற்கு மறுமொழி எழுவது அரிது. மறுமொழி எழாமை ஒன்றையே சான்றாகக் கொண்டு அதனை மெய்யெனத் துணிதல் முறையாகுமா? இவ்வினாவைக் கல்லூரித் தோழர் முன்னும், ஆசிரியப் பெருமக்கள் முன்னும், பழைய மாணவர் முன்னும் வைத்தற்கே இச்சிறு கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

யாம் மருத்துவம் பயில்வோம் அல்லோம், தமிழ் பயில்வோம். ஆயினும், சிறுநீரகம் பழுதுற்று, டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பினால் உயிர் வாழ்ந்துவரும் ஒருவரின் பக்கத்தில் விடுமுறை நாள்களிற் பன்முறை அமர்ந்திருந்தோம். அவர் எம் பெரிய தந்தையார். பத்தியம் தவறினார் என்று அவரைப் பழித்தாருள் யாமும் இருந்தோம். அதனை எண்ணி வருந்தியதே இதனை எழுதத் தூண்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதற்கண் இந்நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். மனிதன் உடம்பிலுள்ள சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரைக் குருதியினின்றும் வடிக்கின்றன. அதனுள் வேண்டுவதை மீள ஈர்த்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராகக் கழிக்கின்றன. நாம் உறங்கும்போதும் உறங்காது நிகழும் பணி இது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய காரணங்களால் அவை முற்றும் பழுதுபடின், கழிவுகள் குருதியிலேயே தங்கும். நீர் காலிலும் முகத்திலும் நுரையீரலிலும் தேங்கும். பொட்டாசியம் என்னும் சத்து மிகுந்து இதயத்தின் துடிப்பையே நிறுத்திவிடவும் கூடும். பிறர் சிறுநீரகத்தைப் பொருத்தப்பெறும் நற்பேறு எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஏனையோர்க்கு டயாலிசிஸே துணை.

அது செய்யப்படும் முறையாவது: வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்பதே பெருவழக்கு. கையிலுள்ள தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்தமைத்த ‘பிஸ்டுலா’ என்னும் இடத்தில் பருத்த ஊசிகள் இரண்டு ஏற்றப்படும். ஒன்றன் வழியே குருதி வெளிப்போந்து, பொறியிற் பொருத்திய வடிகருவியினுட் சென்று தூய்மையுற்று, மற்றொன்றன் வழியே உடம்பினுள் மீளும். ஒரு முறைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் நீர், வேண்டும் உப்புகள் சேர்க்கப்பெற்று, அவ்வடிகருவியில் மெல்லிய சவ்வின் மறுபுறத்தே ஓடிக் கழிவுகளை வாரிச் செல்லும்.

இனி ஒரு சிறு கணக்கு. வாரத்திற்கு 168 மணி. அவற்றுள் பொறி வேலை செய்வது 12 மணி. எஞ்சிய 156 மணியும் நோயாளியின் பத்தியமே அவனுக்குச் சிறுநீரகமாக நிற்றல் வேண்டும். பலர்க்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீரும் மிகை. அவ்வளவினுள் காப்பியும் மோரும் இரசமும் அடங்கும். உப்பைச் சுருக்கல் வேண்டும்; சுருக்காவிடின் நீர்வேட்கை அடங்காது. இளநீர், வாழைப்பழம், தக்காளி முதலியவற்றை விலக்கியோ மிகக் குறைத்தோ உண்ணல் வேண்டும். உணவோடு விழுங்கும் மாத்திரைகள் வேறு. இவை ஒரு மண்டலத்திற்கு அல்ல. மாற்றுச் சிறுநீரகம் பெறும்வரை, பெறாதார்க்கு வாழ்நாள் முழுவதும். ஒரு வேளை உண்ணாதிருந்துவிட்டு அதனை நால்வரிடம் சொல்லிக்கொள்ளும் நாம், இப்பத்தியத்தின் பாரத்தைச் சிறிதேனும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இப்பத்தியம் தவறின் வரும் கேட்டையும் கூறாதொழியலாகாது. பல நாட்டு டயாலிசிஸ் நோயாளரை ஆராய்ந்து 2003-இல் வெளியிடப்பட்ட முடிவொன்று, திங்களுக்கு ஒரு முறையேனும் டயாலிசிஸைத் தவிர்ப்போர் இறத்தற்குரிய வாய்ப்பு, தவிர்க்காதாரினும் நூற்றுக்கு 30 பங்கு மிகுதி என்று காட்டிற்று. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்து 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, வாரத்தின் இறுதியில் இரண்டு நாள் இடைவெளி விழுகின்றதே, அதன் மறுநாளில் இறப்பு மிகுகின்றது என்று கண்டது. ஒழுங்காகச் செல்வார்க்கே ஒரு நாள் இடைவெளி கூடுதல் இவ்வளவு தீங்கு தருமாயின், செல்லாதொழிவார்க்கு நேர்வதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆகவே, பத்தியம் சிறிது தவறினும் குற்றமில்லை என்பது எம் கருத்தன்று. தவறுதல் உயிர்க்கு ஊறு என்பதை நன்கு அறிந்தே, “தவறுவோன் ஏன் தவறுகின்றான்?” என்று கேட்கின்றோம்.

இதற்கு உலகத்தார் கூறும் விடைகள் மூன்று: அறியாமை, அசட்டை, வறுமை. மூன்றும் உண்டு. நான்காவதாக ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதுவே அச்சம். அதனை யாம் நூலிற் கண்டதற்கு முன்னர் வீட்டிற் கண்டோம்.

எம் பெரிய தந்தையார் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை மணி அடித்தபின் ஒரு நாளேனும் பள்ளியுட் புகுந்தவரல்லர் என்று ஊரார் இன்றும் கூறுவர். டயாலிசிஸ் தொடங்கிய முதல் எட்டுத் திங்களும் முதற் பேருந்திலேயே நகரத்திற்குச் சென்று, தம் முறைக்கு அரைமணி முன்னரே வாயிலில் நிற்பார். பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை, வயிற்றுவலி என்று கூறிப் போகாதிருந்தார். சில வாரங் கழித்து, பேருந்து தவறியது என்றார். மூன்றாம் முறை காரணமே கூறவில்லை; சட்டையை அணிந்துகொண்டு முற்றத்து நாற்காலியில் அமர்ந்தவர், பேருந்து வந்து நின்று சென்ற பின்னும் எழவில்லை.

அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு இரவு அவருக்கு மூச்சு முட்டியது. படுத்தால் முட்டுகின்றது என்று சுவரிற் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நள்ளிரவில் வாடகை வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து நகரத்திற்குக் கொண்டுசென்றோம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பொறியில் இட்டு நீரை வாங்கியபின், விடியற்காலையில்தான் அவர் முகத்தில் உயிர்க்களை திரும்பியது.

அதன் பின்னரே எங்கள் தீர்ப்புகள் தொடங்கின. பெரியம்மை அழுதார்கள். அண்ணன்மார் செலவைக் கணக்கிட்டனர். எடைப்பொறியின்மேல் நின்றவரை, பிறர் கேட்குமாறு, “இவ்வளவு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நாங்கள் என்ன செய்வது?” என்று பள்ளிச் சிறுவனைக் கடிவதுபோற் கடிந்தனர். யாமோ, எம் வயதிற்கு ஒவ்வாத துணிவோடு, “பெரியப்பா, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒழுங்கு கற்பித்த நீங்களா இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டோம். அவர் எம்மை ஒரு முறை நோக்கினார், ஒன்றும் கூறவில்லை. அந்நோக்கு எம் உள்ளத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர்க்குத் துணையாகச் செல்லும் பணி எம்மிடம் வந்தது. இரண்டாம் நாள், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கையில், பொறியினின்றும் எச்சரிக்கை மணி எழுந்தது. ஊசி ஏற்றாத கையால் அவர் விரிப்பை இறுகப் பற்றினார். நெற்றி வியர்த்தது. பொறியை நோக்காமல், அடுத்த கட்டிலை நோக்கினார். பொறியை இயக்கும் டெக்னீஷியன் எம்மினும் ஐந்தாறு ஆண்டு மூத்த இளைஞர். மணியை நிறுத்திவிட்டு அவர் போய்விடவில்லை. கட்டிலருகே நின்று, “சார், இந்த மணி அடிக்கும்போது உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது?” என்று கேட்டார்.

நெடுநேரம் விடையில்லை. பின்னர் எம் பெரிய தந்தையார் மெல்ல, “அந்தக் கட்டிலில் இருந்த தம்பிக்கும் இப்படித்தான் அடித்தது” என்றார்.

அவ்வொரு வாக்கியத்தில் நாங்கள் இத்தனை திங்களாக அறியாதிருந்த அனைத்தும் வெளிப்பட்டது. அடுத்த கட்டிலில் நாற்பது வயதுள்ள ஒருவர் வந்துகொண்டிருந்தாராம். இருவரும் ஒரே செய்தித்தாளைப் பகிர்ந்து படிப்பர். ஒரு நாள் இடைநடுவே அவர்க்கு மயக்கம் வந்தது, மணி அடித்தது, திரை இழுக்கப்பட்டது, அவரை வெளியே கொண்டுசென்றனர். அடுத்த முறை அக்கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். என்ன நேர்ந்தது என்று எவரும் கூறவில்லை, இவரும் கேட்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு மணியும் இவர்க்குத் தம் சாவுமணியாகவே கேட்டது. டயாலிசிஸிற்கு முன்னாள் இரவு உறக்கமில்லை. விழித்திருந்த இரவில் நா வறண்டது; வறண்ட நாவிற்கு நீர் வேண்டியிருந்தது. நீர் மிகவே எடை மிகுந்தது. எடை மிகவே கடிந்துரை மிகுந்தது. கடிந்துரைக்கு நாணி, போகாதிருப்பதே மேல் என்று தோன்றிற்று. நாங்கள் அசட்டை என்று பெயரிட்டது இதனைத்தான்!

அவ்விளைஞர் செய்தது பெருஞ் செயலன்று. கை மடங்கினாலும், குழாய் நெளிந்தாலும், காற்றுக் குமிழி தோன்றினாலும் அம்மணி அடிக்கும் என்றும், “இது பொறி கெட்டதற்கு அடையாளமல்ல, சார், பொறி விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளம்” என்றும் விளக்கினார். அடுத்த கட்டிலில் இருந்தவர் இரண்டு நாள் கழித்து இதய நோயால் இறந்தார் என்னும் உண்மையையும் மறைக்காமற் கூறினார். “உங்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தவறு” என்றார். சன்னலோரக் கட்டில் ஒன்றை இவர்க்கு ஒதுக்கித் தந்தார். அதன்பின் எம் பெரிய தந்தையார் ஒரு முறையும் தவறவில்லை. அச்சம் முற்றும் நீங்கிற்று என்று எழுதினால் அது பொய்யாகும். முன்னாள் இரவுகளில் இன்றும் அவர் சரிவர உறங்குவதில்லை. ஆயினும் விடியுமுன் எழுந்து சட்டையை அணிந்துகொள்கின்றார். பேருந்து வந்தவுடன் ஏறுகின்றார்.

இஃது ஒரு வீட்டுக் கதைதானே என்று தோழர் சிலர் எண்ணலாம். அன்று. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள டயாலிசிஸ் நிலையம் ஒன்றில், 70 நோயாளரை நேரிற் கண்டு, ஒழுங்குபட வினவி ஆராய்ந்த முடிவு 2008-இல் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 45 பேர்க்கு மேற்பட்டார், நோயென்றே கொள்ளத்தக்க அச்சக்கோளாறு ஒன்றனை உடையராயிருந்தனர். ஐவருள் ஒருவர்க்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து உயிரே போவதுபோன்ற பெருந்திகில் தோன்றும் கோளாறு இருந்தது. ஒரு நிலையத்தின் கணக்கைக் கொண்டு உலகத்தை அளத்தல் கூடாது. ஆயினும், கட்டில்களின் வரிசையைக் கடந்து செல்லும்போது, ஒவ்வோர் இரண்டாங் கட்டிலிலும் அச்சம் படுத்திருக்கலாம் என்று எண்ணுதற்கேனும் அது நம்மைத் தூண்டுதல் வேண்டும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அச்சமுடையார் யாவரும் பத்தியம் தவறுவர் என்பது உண்மையன்று. பலவகை நோயாளரைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி 2000-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, மனச்சோர்வுடையார் மருத்துவர் சொல்லைக் கடத்தற்குரிய வாய்ப்பு ஏனையோரினும் மும்மடங்கு என்று கண்டது. அச்சத்திற்கோ அத்தகைய ஒருதலையான தொடர்பைக் காணவில்லை. இதனால் அச்சம் பொருட்படுத்தத் தகாதது என்று முடிவு செய்தல் தவறு. அச்சம் இருவகையாகத் தொழிற்படும் என்று கொள்ளுதலே பொருந்துவதாக எமக்குத் தோன்றுகின்றது. பாம்பைக் கண்டு அஞ்சினான் ஒருவன் விளக்கை எடுத்துக்கொண்டு வழி நடப்பான். மற்றொருவன் அவ்வழியே நடவாது ஒழிவான். முன்னவன் பத்தியத்தை இமைகாப்பதுபோற் காப்பான். பின்னவன் டயாலிசிஸ் நிலையத்தின் பெயரைக் கேட்டாலே ஒதுங்குவான். புறத்தே நோக்குவார்க்கு முன்னவன் நல்ல நோயாளி, பின்னவன் தீய நோயாளி. அகத்தே இருவரும் அஞ்சியிருப்பவரே. ஒருவனைப் புகழ்ந்தும் மற்றவனை இகழ்ந்தும் போவதால் இருவர் அச்சமும் தீராது.

அஞ்சினாரைத் தகுதியற்றார் என்று தள்ளும் வழக்கம் இம்மருத்துவத்தின் வரலாற்றிலேயே இடம்பெற்றுள்ளது. டச்சு மருத்துவர் வில்லெம் கோல்ப், தம் நாடு ஜெர்மானியர் வயப்பட்டிருந்த காலத்தில், 1943-இல், காம்பன் என்னும் ஊரில், இறைச்சித் தொத்தல் அடைக்கும் செல்லோபேன் குழாயை மர உருளையிற் சுற்றி முதற் பொறியை அமைத்தார். தொடக்கத்தில் அவர் மருத்துவம் செய்தாருள் பெரும்பாலோர் பிழைத்திலர். 1945-இல் 67 வயதுடைய மாது ஒருவர் பிழைத்தெழுந்தார். அப்பொறி சில நாள் துணையாகவே பயன்பட்டது. சிறுநீரகம் நிலையாகப் பழுதுற்றாரும் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்று காட்டியவர் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர். 1960-இல் அவர் அமைத்த டெப்லான் குழாயின் உதவியால் கிளைடு ஷீல்ட்ஸ் என்பார் பதினோராண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

ஆனால் பொறிகள் சில, நோயாளர் பலர். எவரை ஏற்பது? இதனை முடிவு செய்தற்கு அந்நகரில் எழுவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. 1962-இல் ‘லைப்’ என்னும் அமெரிக்க இதழ் அதனைப் பற்றி எழுதவே, உலகம் திடுக்கிட்டது. வாழத்தக்கார் இவர், மாளத்தக்கார் இவர் என்று பிரித்தபோது, உடல்நிலையோடு மனவுறுதியும், ஒத்துழைக்கும் இயல்பும் ஆராயப்பட்டன. அஃதாவது, கலங்காதவர்க்கே கட்டில்! 1972-இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் அந்நாட்டரசு பெரும்பாலோர் செலவை ஏற்றுக்கொள்ளவே, அத்தகைய குழுக்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆயினும், அக்குழுவின் மனப்பான்மை போயிற்றா? எடைப்பொறியின் பக்கத்தில் நின்று கடிந்துரைக்கும்போதும், வீட்டுத் திண்ணையிலிருந்து தீர்ப்புக் கூறும்போதும், நாம் ஒவ்வொருவரும் அக்குழுவின் எட்டாம் உறுப்பினராகின்றோம் என்பதே எம் எண்ணம்.

தமிழ் மாணவராதலின், நம் நூல்களின் பக்கம் ஒரு முறை திரும்புதல் பிழையாகாது. திருக்குறளில் ‘மருந்து’ என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதன் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் நின்று துணை செய்வோன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்கின்றது. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டவன் நோயாளி. பரிமேலழகர் அந்நான்கனையும் நந்நான்காக வகுக்குமிடத்து, நோயாளிக்கு வேண்டுவனவாகப் பொருள் பெற்றிருத்தல், மருத்துவன் சொல்வழி நடத்தல், தன் நோயின் நிலையை எடுத்துரைக்க வல்லனாதல், மருந்தால் வரும் துன்பத்தைத் தாங்குதல் என்பவற்றைக் கொள்கின்றார். இவற்றுள் இரண்டாவதைத்தான் நாம் பத்தியம் என்றும் ஒழுங்கு என்றும் வற்புறுத்துகின்றோம். மூன்றாவதற்கு இடங் கொடுத்தோமா? தன் நிலையை உரைக்க வல்லனாக வேண்டுமாயின், கேட்க வல்லார் ஒருவர் இருத்தல் வேண்டுமன்றோ? கேளாச் செவியின் முன் வன்மையுடையான் வாயும் அடைத்துப்போம். துணை நிற்போனுக்கு அவ்வுரையாசிரியர் கூறும் நான்கனுள் முதலாவது நோயாளியிடத்து அன்பு என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பிணியை அச்சத்தின் நிலைக்களமாக வைத்தாரல்லர். இளிவரலின் நிலைக்களங்களுள் ஒன்றாக வைத்தார். யாம் இதனைப் பாடமாகப் படித்தபோது வியப்புற்றோம். பெரிய தந்தையார் கட்டிலருகே அமர்ந்தபின் வியப்பு நீங்கிற்று. பிணியுற்றான் முதலில் தன்னைத் தாழ்வாக எண்ணுகின்றான். தாழ்வாக எண்ணினான் தன் அச்சத்தைப் பிறர்க்குக் கூற நாணுகின்றான். முப்பதாண்டு தலைமை நின்ற ஆசிரியர், “மணி அடித்தால் அஞ்சுகின்றேன்” என்று தம் தம்பி மகனிடம் எங்ஙனம் கூறுவார்? வயிற்றுவலி என்று கூறுதல் எளிது. பேருந்து தவறிற்று என்று கூறுதல் அதனினும் எளிது.

இனி, எம் கருத்திற்கு எதிராகக் கூறத்தக்கவற்றையும் நோக்குவோம். “நாட்டில் பலர் பத்தியம் தவறுவது வறுமையால், அச்சத்தைப் பற்றிப் பேசுதல் வயிறு நிரம்பியோர் பேச்சு” என்பார் உளர். வறுமையே பெருந்தடை என்பதை யாம் மறுக்கவில்லை. அதனைக் கருதியே, 2016-இல் இந்திய அரசு, மாவட்ட மருத்துவமனைகளில் வறியோர்க்குக் கட்டணமின்றி டயாலிசிஸ் செய்யும் திட்டத்தைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டமும், வயிற்றின் வழியே வீட்டிற் செய்துகொள்ளும் டயாலிசிஸிற்கு வேண்டும் நீர்ப்பைகளை வழங்குவதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. இவை போற்றத்தக்கன. ஆனால் கட்டணம் நீங்கியபின்னும் பேருந்துச் செலவு உண்டு. அன்றைக் கூலி போதல் உண்டு. “என்னால் என் மக்கள் கடனாளியாகின்றனரே” என்னும் ஏக்கம் உண்டு. வறியவனுக்கு இவையே அச்சம். ஆகவே வறுமையும் அச்சமும் இரண்டு நோய்கள் அல்ல. ஒன்றன் தோளில் ஒன்று ஏறி வருவன.

“அச்சுறுத்தினால்தான் அடங்குவர்” என்பது மற்றொரு கூற்று. வீட்டிலும் பள்ளியிலும் நாம் பழகிய முறை அதுவே. அடங்குதல் வேறு, நலமுறுதல் வேறு. ஏற்கெனவே அஞ்சியிருப்பவனை மேலும் அச்சுறுத்தினால், அவன் நீரை விடுவதற்கு மாறாக, எடைப்பொறியை விட்டு ஓடுவான். இதற்கு மாறான வழி பயன்படும் என்பதற்குச் சான்றும் உண்டு. புரூக்ளினில் முன்னர்க் கூறிய ஆராய்ச்சியை நடத்தினாரே பின்னரும் முயன்று, மனச்சோர்வுற்ற நோயாளர்க்கு, டயாலிசிஸ் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே, மனநூல் வல்லாரைக் கொண்டு மூன்று திங்கள் உரையாடல் மருத்துவம் செய்வித்தனர். 2014-இல் வெளிவந்த அதன் முடிவின்படி, சோர்வு குறைந்ததோடு, நீர்ப்பத்தியமும் திருந்திற்று. இரு டயாலிசிஸிற்கு இடையே ஏறும் எடை குறைந்தது. நீரைப் பற்றிக் கடியாமல், மனத்தைப் பற்றிப் பேசியதனால் நீர் குறைந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

“மருத்துவர்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்பது மூன்றாவது. நேரம் குறைவென்பது உண்மை. ஆனால் எம் பெரிய தந்தையாரை மீட்ட வினா ஒரு வாக்கியம். எடையும் இரத்த அழுத்தமும் குறிக்கும் தாளில், “இன்று எதனை நினைத்து அஞ்சுகின்றீர்?” என்பதற்கும் ஒரு வரி இருக்கலாம். எச்சரிக்கை மணிகளின் பொருளை முதல் வாரத்திலேயே விளக்கலாம். அடுத்த கட்டில் வெறுமையாயின், ஏன் என்பதை மென்மையாகவும் மெய்யாகவும் கூறலாம். அச்சம் மிக்காரை மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: மூச்சு முட்டலும் படபடப்பும் நீர் மிகுதியாலும் பொட்டாசியத்தாலும் வரலாம், ஆதலின் உடம்பை ஆராயாமல் எல்லாம் அச்சமே என்று தள்ளுதல், எல்லாம் அசட்டையே என்று தள்ளுவதற்கு ஒப்பான பிழை.

வீட்டார் செய்யத்தக்கது யாது? நோயாளிக்கு மட்டும் உப்பில்லாக் கறி வைத்துவிட்டு, எதிரே அமர்ந்து ஊறுகாய் உண்ணாதிருத்தல். இன்றைக்குரிய நீரைக் காலையிலேயே ஒரு பாத்திரத்தில் அளந்து வைத்து, அளவை அவர் கையிலேயே விடுதல். “ஏன் குடித்தாய்?” என்பதற்கு முன், “இரவு உறங்கினாயா?” என்று கேட்டல். எங்கள் வீட்டில் இப்பொழுது எல்லார்க்கும் ஒரே குழம்பு. உப்பு வேண்டுவோர் தனியே இட்டுக்கொள்கின்றனர்.

மாணவத் தோழர்களே! நம்மாற் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நம்முள் பலர் வீட்டிலோ தெருவிலோ இந்நோயுற்றார் ஒருவரேனும் இருப்பர். நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமற் படுத்திருப்பவர்க்கு, பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருத்தலே பெருந்துணை. மருந்தறிவு வேண்டுவதில்லை; அறிவுரை அறவே வேண்டுவதில்லை. செய்தித்தாளை வாசித்துக் காட்டலாம். வாய் திறந்து பேசினால் கேட்கலாம். யாம் விடுமுறைதோறும் எம் பெரிய தந்தையார்க்குச் செய்தித்தாள் வாசிக்கின்றோம். எம் உச்சரிப்பில் ளகர ழகரப் பிழை கண்டால் அவர் உடனே திருத்துவார். திருத்தும்போது அவர் நோயாளியல்லர், தலைமை ஆசிரியர். இடையே மணி அடித்தால், அவர் கை விரிப்பைத் தேடும். யாம் வாசிப்பை நிறுத்தி, அக்கையைப் பற்றிக்கொள்வோம். மணி நின்றவுடன், “ம், மேலே வாசி, தம்பி” என்பார்.

பத்தியம் காத்தல் நோயாளியின் கடமை; அதனை யாம் மறுக்கவில்லை. அக்கடமையை அவர் தனியே நின்று செய்யுமாறு விடாதிருத்தல் நம் கடமை. தவறினாரைக் காணும்போது, தீர்ப்புக் கூறுமுன் ஒரு வினாவைக் கேட்போமாக. அதனை முன்னரே கேட்டிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எம் வீட்டிற்கு வந்திராது.